கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மலைப்பாதை

அவருக்குப் பம்பரம் என்று பெயர் வைத்தவர்கள் சக லாரி ஓட்டுநர்கள். சரக்கு ஏற்ற மூன்று மணி நேரம் ஆகும் என்றால் மற்றவர்கள் வண்டிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்துவிடுவார்கள். இவர் மட்டும் வண்டியைச் சுற்றி வருவார். டயரைத் தட்டுவார், கயிற்றை இழுத்துப் பார்ப்பார், கிடங்கு வாசலுக்குப் போய் "இன்னும் எத்தனை மூட்டைப்பா?" என்று கேட்பார், திரும்பி வந்து மறுபடியும் அதே டயரைத் தட்டுவார். சாப்பிடும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். ஓட்டும்போது மட்டும்தான் அந்த ஆட்டம் அடங்கும். வண்டி ஓடினால் அவருக்குள் ஏதோ ஒன்று உட்கார்ந்துவிடும்.

இருபத்திரண்டு வருடம் கிளட்ச் மிதித்த இடது முழங்கால் ஒருநாள் மறுத்துவிட்டது. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த டாக்டர், "எலும்புக்கு நடுவுல இருக்கிற மெத்தை தேஞ்சு போச்சு. இனிமே கிளட்ச் பக்கமே போகக் கூடாது" என்றார்.

"வலது காலால மிதிச்சா டாக்டர்?"

டாக்டர் சிரிக்கவில்லை.

அதன்பிறகு ஐந்து மாதம் வீட்டில் இருந்தார். அவர் மனைவி வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டுத் துணி தைப்பவள். மெஷினுக்கும் வாசலுக்கும் இடையே அவர் நடந்த நடையில் அவளுக்குத் தலை சுற்றியது. சமையலறைக் குழாயை மூன்று தடவை கழற்றி மாட்டினார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை இறக்கித் துடைத்து மாட்டியதில் அது கீச்சிட ஆரம்பித்தது. அன்றைக்கே அவள் தன் தம்பிக்குப் போன் செய்தாள். தம்பி, ஓவியக் கூடம் ஒன்றில் எலக்ட்ரீசியன்.

"அக்கா, மாமாவுக்கு ஒரு வேலை இருக்கு. உக்காந்து பாக்குற வேலை."

"எதைப் பாக்கணும்?"

"சுவத்தைப் பாக்கணும்."

அப்படித்தான் அவர் ஓவியக் கூடத்தின் நான்காம் அறைக்குக் காவலர் ஆனார். மாடியில், வடக்குப் பார்த்த அறை. சுவரில் ஆறு படங்கள், நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி, மூலையில் அவருடைய நாற்காலி. காவலர் அங்குமிங்கும் நடந்தால் வருகிறவர்களுக்குத் தங்களைச் சந்தேகப்படுவதாகத் தோன்றுமாம், அதனால் உட்கார்ந்தே இருக்க வேண்டும். இது கண்காணிப்பாளரின் சட்டம். இரண்டாவது வாரமே கண்காணிப்பாளர் அவரைக் கூப்பிட்டுக் கேமரா பதிவைப் போட்டுக் காட்டினார்.

"பாருங்க. ஒரு மணி நேரத்துல நாப்பத்தி மூணு தடவை எந்திரிச்சிருக்கீங்க."

"வேகமா ஓட்டிக் காட்டுறீங்க சார். அதான் அப்படித் தெரியுது."

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது ஒரு பழைய நோட்டுப் புத்தகம். 'ஓவியரின் பயணக் குறிப்பேடு. மை, பென்சில், நீர்வண்ணம். சரக்கு லாரிகளிலும் படகிலும் மலைநாட்டில் நாற்பத்தாறு நாள்' என்று கீழே ஒரு அட்டை. ஓவியர் இறந்து வெகுகாலம் ஆயிற்று. எழுதியிருந்தது வேற்று மொழி, பம்பரத்துக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. முதல் மாதம் முழுக்க அதை அவர் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. திறந்திருந்த இரண்டு பக்கத்தில் வலப்பக்கம் நீலத்தில் ஒரு சின்ன மலை. வருகிறவர்கள் அந்த மலையைப் பார்ப்பார்கள், தலையை ஒரு பக்கம் சாய்ப்பார்கள், போய்விடுவார்கள். இடப்பக்கம் முழுக்க எழுத்து. அதை யாரும் பார்ப்பதில்லை.

மழை பெய்து ஆளே வராத ஒரு பிற்பகலில், நாற்பத்து நான்காவது தடவை எழுந்தபோது, அவர் அந்த இடப்பக்கத்தைக் குனிந்து பார்த்தார்.

முதல் மூன்று வரி பிடித்துவைத்த மாதிரி நேராகப் போனது. நான்காவது வரியில் எழுத்துகள் துள்ளின. ஒன்று மேலே, இரண்டு கீழே, பிறகு கொஞ்சம் சமம், மறுபடி துள்ளல். பதினோராவது வரியில் ஓர் எழுத்தின் வால் திடீரென்று நீண்டு, பக்கத்தின் ஓரம்வரை சீறிக்கொண்டு போய், நுனியில் மைப்பொட்டு வைத்து நின்றது. அதற்கு அடுத்த வரி சலனமே இல்லாமல் சாதுவாகக் கிடந்தது.

"பிரேக்!" என்றார் வாய்விட்டு.

அறையில் யாருமில்லை. அவர் மறுபடி முதல் வரிக்குப் போனார். தார் ரோடு. நான்காம் வரியில் தார் முடிகிறது. ஏழாவது வரியில் எல்லா எழுத்துகளும் இடதுபக்கம் சாய்ந்திருந்தன, கொண்டை ஊசி வளைவாக இருக்கும். பதினொன்றில் எதிரே ஏதோ வந்திருக்கிறது. ஓட்டுநர் மிதித்திருக்கிறார். பிறகு வண்டி நிற்கிறது, இந்த ஓவியர் நின்ற வண்டியில் உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறார். அந்தக் கோடுகளின் பருமனும் மெலிவும், ஏறிய வேகமும் இறங்கிய வேகமும் அவருக்கு முழங்காலிலேயே தெரிந்தன. சீறிப்போன அந்த வாலை அந்த ஆள் அடிக்கவில்லை, சுரண்டவில்லை. அதை அப்படியே விட்டு, அதன் வளைவுக்குள் அடங்குகிற மாதிரி அடுத்த வரியைத் தொடங்கியிருந்தார். வலப்பக்கத்து நீல மலையின் சரிவும் அதே வளைவுதான்.

எதிரே வந்தது என்ன? அதற்கு அடுத்த பக்கத்தைப் பார்த்தாக வேண்டும்.

அன்றிலிருந்து அவருக்குப் பிடித்துக்கொண்டது. பக்கத்தை யார் திருப்புவார்கள், எப்போது திருப்புவார்கள் என்று கண்ணில் பட்டவர்களையெல்லாம் கேட்டார். கீழ்த்தளத்தில் பழைய தாள்களைப் பழுதுபார்க்கும் அம்மையார் ஒருவர் இருந்தார். காவலர்களுக்கு அவர் 'தாள் மேடம்'. வெளிச்சம் ஒரே பக்கத்தில் விழுந்துகொண்டிருந்தால் மை வெளுத்துவிடும் என்பதால், மாதத்தின் முதல் திங்கள்கிழமை அவர் வந்து பக்கத்தைத் திருப்புவாராம். திங்கள் கூடத்துக்கு விடுமுறை.

"லீவு நாள்ல எதுக்குங்க கெளம்புறீங்க?" என்றாள் மனைவி, ஊசியில் நூல் கோத்தபடி.

"திருப்புறாங்க."

"யாரைத் திருப்புறாங்க?"

"பக்கத்தை. ஒரு பக்கத்தை."

அவள் நூலை எச்சில் தொட்டு முறுக்கினாள். "என் தம்பி நல்ல வேலை வாங்கிக் கொடுத்தான்."

இரண்டு பேர் கண்ணாடியைத் தூக்கிப் பிடிக்க, தாள் மேடம் கையைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தை அழுத்தியிருந்த மெல்லிய பட்டையை விலக்கினார். "ரெண்டு எட்டு தள்ளி நில்லுங்க. மூச்சு படக் கூடாது" என்றார். பம்பரம் தள்ளி நின்று குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்தார். புதிய பக்கம் விழுந்தது. எழுத்து மேலிருந்து கீழ்வரை ஒரே நடுக்கம். மூலையில் ஒரு சின்ன ஜன்னல் வரைந்திருந்தது.

"ரோடு ரொம்ப மோசம் மேடம். முழுக்கக் கல்லு ரோடு" என்றார்.

தாள் மேடம் திரும்பினார். "உங்களுக்கு இந்த மொழி தெரியுமா?"

"தெரியாதுங்க. எழுத்து குலுங்குதே, அதைச் சொல்றேன்." போன பக்கத்தின் பிரேக்கையும் தார் முடிந்த இடத்தையும் அவர் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். மேடம் பட்டையைக் கையில் வைத்தபடி கேட்டார். சிரித்துவிட்டார்.

"பிரேக் சரிதான். ஆடு குறுக்கே வந்ததுன்னு எழுதியிருக்கார். ஆனா இந்தப் பக்கம் ரோடு இல்லீங்க. விடுதியில மூணாவது நாளா காய்ச்சலோட படுத்திருக்கேன்னு எழுதியிருக்கு."

பம்பரத்துக்குக் காது சூடாகிவிட்டது. கண்ணாடியைப் பிடித்திருந்த இரண்டு பேரும் வேறு எங்கோ பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்தும் அந்த எரிச்சல் அடங்கவில்லை. படுத்தால் புரண்டார், உட்கார்ந்தால் எழுந்தார். காய்ச்சலையும் கல் ரோட்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத கண் என்ன கண்? மறுநாள் வேலை முடிந்ததும் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினார். கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்பும் வரை தன் வீட்டு முகவரியையே திரும்பத் திரும்ப எழுதினார். மறுநாளும் போனார். மூன்றாம் நாள் கண்டக்டர் பக்கத்தில் வந்து குனிந்து, "சார், ஆபீஸ்லேருந்து வர்றீங்களா? டிக்கெட் எல்லாம் கரெக்டா குடுத்திருக்கேன் சார்" என்றார்.

அந்த நோட்டை மனைவியிடம் காட்டினார். விஷயத்தையும் சொன்னார். அவள் மெஷினை நிறுத்திவிட்டு, பக்கங்களைத் துணியைப் போலத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இதுல என்னங்க குழப்பம்? தைக்கும்போது யாராவது துணியைப் பிடிச்சு இழுத்தா, அந்த இடத்துல மட்டும் தையல் கோணும். அப்புறம் நேராயிடும். உங்க பஸ்ஸு அப்படித்தான் இழுத்திருக்கு. தைக்கிறவளுக்கே முடியலைன்னா ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் தளர்ந்து கிடக்கும். அந்த ஆளு எழுதினது எப்படி இருக்கு?"

"நீயே வந்து பாரு" என்றார். ஞாயிற்றுக்கிழமை அவளையும் அழைத்துக்கொண்டு போனார்.

கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அவர் அவளை அழைத்துப்போன இடங்கள் அதிகமில்லை. நான்காம் அறையில் அவள் கண்ணாடிப் பெட்டி முன் நின்றாள். அவர் நாற்காலியில் இருக்க வேண்டியவர், அவள் தோளுக்குப் பின்னால் நின்றார். அவள் குனிந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள்.

"பாவம். பேனாவை அழுத்தவே தெம்பில்ல" என்றாள் கடைசியில். "எல்லா வரியும் போகப் போகக் கீழ சரியுது. ஆனா இந்த ஜன்னல் இருக்கு பாருங்க, இதை மட்டும் உக்காந்து போட்டிருக்கார். கோடு நடுங்கல."

"அது எப்படி?"

"எனக்கென்ன தெரியும்? பிடிச்ச வேலைன்னா கை நிக்கும் போல." பிறகு கண்ணாடியைத் தொடாமல் விரலால் காட்டினாள். "படம்தான் முதல்ல. எழுத்து அப்புறம். ஜன்னல்கிட்ட வந்ததும் எழுத்து ஒடுங்கி வழிவிடுது. இங்க பாருங்க, இந்த வார்த்தைக்கு இடம் போதலை. ஜன்னல் விளிம்பு மேலயே ஏத்தி உக்கார வச்சிருக்கார், பூனை மாதிரி."

பம்பரம் பார்த்தார். உண்மையிலேயே அந்த வார்த்தை ஜன்னல் விளிம்பில் பூனை மாதிரி உட்கார்ந்திருந்தது. இத்தனை நாள் அவர் அதில் வண்டியைத்தான் தேடியிருந்தார். அந்தத் தாள் முழுக்க, காலி இடம் உட்பட, ஒருவர் யோசித்து வைத்த வைப்பு என்பது அப்போதுதான் உறைத்தது. எழுத்தில் கரும்பச்சை மை. ஜன்னலில் அதே மையைத் தண்ணீர் விட்டு வெளிற வைத்திருந்தார். கையில் இருந்தது ஒரே மை, அதிலேயே சொல்லையும் வானத்தையும் செய்திருக்கிறார்.

அடுத்தடுத்த மாதங்களில் இன்னும் மூன்று தடவை பக்கம் திரும்பியது. ஒவ்வொரு தடவையும் அவர் போய் நின்றார். இரண்டு எட்டு என்பது ஒன்றரை எட்டாகக் குறைந்தது. மனைவி சொன்னதையெல்லாம் தாள் மேடத்திடம் சொன்னார், மேடம் அதைக் குறித்துக்கொண்டார். ஐந்தாவது தடவை மேடம் பட்டையை மாட்டிவிட்டு, "இதுதான் கடைசி. மூணு வாரத்துல புத்தகம் திரும்பப் போகுது. இரவலாத்தானே வாங்கியிருந்தோம்" என்றார்.

"மீதி?"

"மீதி அவங்ககிட்ட."

"அது எப்படிங்க? எதிரெதிர்ப் பக்கம் ரெண்டும் சேந்தா ஒரு விரிப்பு, அப்படித் தொண்ணூறு இருக்குன்னீங்க. ஆறுதான் பாத்திருக்கோம். அந்த மனுஷன் வீடு போய்ச் சேந்தாரா இல்லையா?"

"சேந்தார். எழுபத்தெட்டு வயசு வரைக்கும் இருந்தார்."

"அது உங்களுக்குத் தெரியும் மேடம். நான் தாள்ல பாக்கலியே."

அந்த மூன்று வாரத்தின் முதல் வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. நாற்காலி முள்ளாகக் குத்தியது. ஒருநாள் காலையில், அறை திறந்ததும், என்ன நினைத்தாரோ, இரண்டு கையையும் கண்ணாடியின் மேல் வைத்து அழுத்திக் குனிந்துவிட்டார். அலாரம் அலறியது. கண்காணிப்பாளர் மூச்சிரைக்க மாடியேறி வந்தபோது காவலரே பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார்.

"திருடன்னு ஓடி வந்தா நீங்களாய்யா?"

"கால் தடுக்கிடுச்சு சார்."

அவரைக் காப்பாற்றியது ஒரு சளிக் காய்ச்சல். புத்தகத்தைத் திருப்பி அனுப்புமுன் ஒவ்வொரு தாளும் எந்த நிலையில் இருக்கிறது என்று குறித்தாக வேண்டும். தாள் மேடம் பார்த்துச் சொல்லச் சொல்ல ஒருவர் எழுத வேண்டும். எழுதுகிற பெண் காய்ச்சலில் விழுந்துவிட்டாள். மேடம் கண்காணிப்பாளரிடம் போய்ப் பம்பரத்தைக் கேட்டார்.

"இவரா? அஞ்சு நிமிஷம் உக்கார மாட்டாரு மேடம்."

"உக்காருவேன் சார்" என்றார் பம்பரம்.

மேடம் அவர் பக்கம் திரும்பினார். "ரெண்டு நாள். எந்திரிக்கக் கூடாது. காத்து அசைஞ்சா தாள் அசையும். மேஜை ஆடினா அவ்வளவுதான்."

கீழ்த்தள அறையில் ஜன்னல் இல்லை. ஒரு பெரிய வெள்ளை மேஜை, தணிந்த ஒரு விளக்கு, தாங்கலுக்குச் சரிவாக வைத்த இரண்டு சிறு மெத்தைகளுக்கு நடுவில் அந்தப் புத்தகம். பம்பரம் நாற்காலியை மேஜையிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டு, இடது காலை நீட்டி, மடியில் குறிப்பெழுதும் அட்டையை வைத்து உட்கார்ந்தார். மேடம் சொல்ல ஆரம்பித்தார். "ஒண்ணு, வலது. கீழ் மூலை மடிப்பு. ரெண்டு, இடது. நீர்க்கறை, சின்னது." அவர் எழுதினார். எழுதிவிட்டு நிமிரும்போதெல்லாம் பார்த்தார்.

ஒரு பக்கம் முழுக்கக் கதவுக் கைப்பிடிகள். ஒரு பக்கத்தில் ஒரே சொல் ஏழு விதமாக எழுதப்பட்டிருந்தது, தடித்து, மெலிந்து, நின்று, படுத்து. அது ஓர் ஊரின் பெயர் என்றும், உள்ளூர்க்காரர்கள் ஆளுக்கொரு விதமாக உச்சரித்தார்கள் என்று ஓரத்தில் குறித்திருப்பதாகவும் மேடம் சொன்னார். படகில் எழுதிய பக்கங்கள் வந்தன. அங்கே வரிகள் துள்ளவில்லை. மெதுவாக ஏறி மெதுவாக இறங்கி, பக்கத்தின் குறுக்கே ஒரே மூச்சில் அலைந்தன. அப்புறம் மழையில் நனைந்த ஒரு பக்கம். மை கலைந்து ஓடி, எழுத்து ஒன்றுகூட மிச்சமில்லை. ஓவியர் கரைந்த இடத்தைப் பென்சிலால் மெல்லிசாகச் சுற்றி வளைத்துத் தேதி மட்டும் போட்டிருந்தார். மழையும் ஒரு ஆளாக வந்து எழுதிவிட்டுப் போன மாதிரி இருந்தது.

"பழுதுன்னு போடவா மேடம்?"

மேடம் அந்தப் பென்சில் கோட்டைக் குனிந்து பார்த்தார். "நீர்க்கறை, பெரியதுன்னு போடுங்க. பழுது வேண்டாம்."

பதினொரு மணிக்கு அவருக்கு முழங்கால் தெறித்தது. பன்னிரண்டு மணிக்குத் தொடை மரத்தது. நாற்காலியின் அடிப்பாகத்தை ஒரு கையால் பற்றிக்கொண்டார். எழுந்தால் மேடம் நிறுத்திவிடுவார் என்ற பயம் ஒரு பக்கம், அடுத்த தாள் ஒரு பக்கம். சாப்பாட்டு இடைவேளையில் எழ முடியாமல் சுவரைப் பிடித்து எழுந்தார். மாலையில் வீட்டுக்குப் போனதும் மனைவி முழங்காலுக்குத் துணி சுட வைத்து ஒத்தடம் கொடுத்தாள். என்ன பார்த்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கைப்பிடிகளைக் காற்றில் வரைந்து காட்டச் சொன்னாள்.

இரண்டாம் நாள் கடைசி இருபது விரிப்பில் எழுத்து மாறியது. ஒரே அளவு, ஒரே இடைவெளி, வரிகள் கோடு போட்ட மாதிரி. படங்களும் அழகாக, முழுசாக இருந்தன. மலைகள் தகதகவென்று நின்றன. பம்பரத்தின் கால் ஆட ஆரம்பித்தது. அதைக் கையால் அமுக்கிக்கொண்டார்.

"என்ன?" என்றார் மேடம், நிமிராமலே.

"வண்டியை விட்டு இறங்கிட்டார். இதெல்லாம் வீட்ல மேஜை மேல வச்சுப் போட்டது."

மேடம் தேதிகளைப் பார்த்தார். முன்னுக்கும் பின்னுக்கும் நாலைந்து தாள் புரட்டினார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "சரிதான். ஆனா இந்தப் பக்கங்களைத்தான் எல்லாப் புத்தகத்துலயும் அச்சடிக்கிறாங்க" என்றார்.

"அழகாத்தான் இருக்கு" என்றார் அவர். ஊர் வந்து சேர்ந்துவிட்ட ஒருவரைப் பார்த்து அவருக்கு லேசாகப் பொறாமையாகவும் இருந்தது, கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

வியாழக்கிழமை காலை புத்தகத்தைப் பஞ்சு வைத்து மரப்பெட்டியில் அடைத்து வேனில் ஏற்றினார்கள். நான்காம் அறையில் இருக்க வேண்டியவர் பின்வாசலில் நின்றார். பெட்டியைக் கட்டியிருந்த பட்டையை இழுத்துப் பார்த்தார். "இன்னொரு பெல்ட் போடுங்க தம்பி. பாலம் தாண்டினதும் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கான்" என்றார் வேன் ஓட்டுநரிடம். ஓட்டுநர் போட்டார். வண்டி உறுமியது. பம்பரம் கதவைத் திறந்து, முழங்காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்து, பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, எங்க?"

"பாலம் வரைக்கும்ப்பா. எடு."

பாலம் வந்தது, போனது. தோண்டிப் போட்ட இடமும் போனது. அவர் பின்பக்கம் திரும்பிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். புறவழிச் சாலையில் ஒரு டயர் கடை முன்னால் இறங்கிக்கொண்டு, வேன் கண்ணுக்கு மறையும்வரை நின்றார். பிறகு இரண்டு பஸ் மாறித் திரும்பி வந்தார். நான்காம் அறை இரண்டரை மணி நேரம் ஆளில்லாமல் இருந்தது. நாற்காலியில் மெமோ காத்திருந்தது.

விளக்கத்தில் அவர் 'சரக்கு ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்கப் போனேன்' என்று எழுதினார். கண்காணிப்பாளர் அதை இரண்டு தடவை படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். வேலையைவிட்டு அனுப்பியிருப்பார். மச்சினன் போய்க் கெஞ்சினான், தாள் மேடம் கடிதம் கொடுத்தார். கடைசியில் அவரைச் சரக்கு வண்டிகள் வரும் பின்வாசலுக்கு மாற்றினார்கள். நின்றுகொண்டும் நடந்துகொண்டும் பார்க்கிற வேலை. காலுக்கு அது கெடுதல்தான். டாக்டர் திட்டினார். "உக்காந்தா மட்டும் எனக்கு நல்லதா டாக்டர்?" என்று கேட்டுவிட்டு வந்தார்.

குறிப்பேடு இப்போது வேறோர் ஊரில், வேறொரு கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. அங்கேயும் மாதம் ஒரு பக்கம்தான் திருப்புகிறார்களாம். போகலாம் என்று முதலில் சொன்னது மனைவிதான். அந்த ஏழுவிதச் சொல்லைத் தன் கண்ணால் பார்க்க வேண்டுமாம். "நாம போற அன்னைக்கு அந்தப் பக்கமா திறந்து வச்சிருப்பாங்க?" என்று அவர் கேட்டதற்கு, "எந்தப் பக்கமா இருந்தா என்ன, பாப்போம்" என்றாள். நான்கு நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். கண்காணிப்பாளர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. காலையிலிருந்து பம்பரம் மூன்று தடவை போய்க் கேட்டுவிட்டார். நான்காவது தடவையாக இப்போது மாடியேறிக்கொண்டிருக்கிறார்.